கன்றை அவிழ்க்கச் சொன்னது யார்?

பொன்னியம்மனுக்கு முதல் கும்பிடு. ஆடிக் கூழை வாங்கிக் குடித்துவிட்டு, இந்தத் திருவிழா மலரைப் புரட்டிக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருக்கிற அக்கா தங்கச்சிகளுக்கு இரண்டாவது கும்பிடு.

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்ட காலம் ஒன்று உண்டு. ரொம்பப் பழைய கதை இல்லை. போன கார்த்திகையில் ஆரம்பித்துத் தை மாதத்தில் முடிந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன். நான் வாயாடி என்று ஊருக்கே தெரியும். ஆனால் எழுத்து எனக்குக் கொஞ்சம் தகராறு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் கோமதி. உத்திரமேரூரிலிருந்து செய்யாற்றுப் பக்கம் போகிற வழியில் எங்கள் ஊர். வீட்டுக்காரர் ஏகாம்பரம் பயிர் வைக்கிறவர். நான் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கார்களுக்குப் போகிற ஒயர்களைக் கோர்க்கிற வேலை பார்க்கிறேன். விடிந்ததும் ரோட்டுக்கு வேன் வரும், பொழுது சாய்கிற நேரத்தில் கொண்டுவந்து இறக்கிவிடும். ஒரு பெண் பிள்ளை, பிளஸ் டூ படிக்கிறாள். மாமியார் எங்களோடு இருக்கிறார். இரண்டு கறவை மாடு. இதுதான் குடும்பம்.

கார்த்திகை மழையில் வரப்பு வழுக்கி இவர் விழுந்துவிட்டார். யூரியா மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு விழுந்ததால் மூட்டை மேலே, கால் கீழே. காலில் கம்பி வைத்துக் கட்டிலில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் வேலையும் என் தலையில் விழுந்தது. கோழி கூவுவதற்கு முன்னால் எழுந்து பால் கறந்து சொசைட்டியில் ஊற்ற வேண்டும். சமைக்க வேண்டும். ஓடிப்போய் வேனைப் பிடிக்க வேண்டும். கம்பெனியில் பொழுதுக்கும் நின்றுகொண்டே வேலை. திரும்பி வந்தால் மறுபடியும் மாடு, பிறகு மடை பார்க்கக் கழனிக்கு. மாமியாருக்கு முட்டிவலி, பொண்ணுக்குப் பரீட்சை. ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம் என்பார்களே, அந்த வீட்டில் நான்தான் எருது. கோபப்படக்கூட நேரம் இல்லாத எருது.

மார்கழி பிறந்த சமயம் முதல் தடவையாகக் கேட்டது. வேலை முடிந்து வேனில் வந்துகொண்டிருந்தேன். ஜன்னலில் தலை சாய்த்தேன். கண் சொருகுகிறது, தூக்கம் இன்னும் முழுசாகப் பிடிக்கவில்லை. அந்த நேரத்தில் காதோரமாக ஒரு பெண் குரல், "கோமதி" என்றது.

தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் இருந்தவள் போனில் மூழ்கிக் கிடந்தாள். மற்றவர்கள் எல்லாரும் தூக்கம். டிரைவர் ஆம்பளை. என்னைக் கூப்பிட ஆளே இல்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது. காத்து கருப்பு ஒரு தடவைதான் கூப்பிடும், மனுஷர்கள்தான் மூன்று தடவை கூப்பிடுவார்கள். அதனால் நான் திரும்பிப் பார்க்கவில்லை. திருநீறு இருந்தால் பூசிக்கொள்ளலாம் என்று பையைத் துழாவினேன். கையில் கிடைத்தது டிபன் பாக்ஸ்தான்.

பிறகு அடிக்கடி கேட்க ஆரம்பித்தது. எப்போதும் கண் சொருகுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். ஒருநாள் பித்தளைப் பாத்திரம் விழுந்து உருளுகிற சத்தம். இன்னொரு நாள் கல்யாண மண்டபத்தில் கேட்பது போலப் பத்து இருபது பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. கண்ணைத் திறந்தால் எல்லாம் நின்றுவிடும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அதற்குக் காரணம் என் அப்பாவின் தங்கை, முனியம்மா அத்தை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அத்தைக்குக் காதில் யாரோ பேசுவார்கள். பட்டப்பகலில், நன்றாக விழித்திருக்கும்போதே பேசுவார்கள். அத்தையும் திருப்பிப் பேசும். மந்திரித்துப் பார்த்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். கடைசியில் தூரத்தில் ஒரு கோயிலில் கொண்டுபோய் விட்டார்கள். "ஒரு மண்டலம் இருந்தா தெளிஞ்சிடும், கூட்டிக்கினு வந்துடலாம்" என்றார் அப்பா. அத்தை வண்டியில் ஏறும்போது என் கையில் ஒரு முறுக்கைக் கொடுத்துவிட்டுப் போனது. அவ்வளவுதான். கூட்டி வரவே இல்லை. பிறகு ஒருநாள் சாவுச் செய்திதான் வந்தது.

ஆகவே வாயை மூடிக்கொண்டேன். ஆனால் தூக்கத்தில் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. பொங்கலுக்கு முந்தின வாரம் வேனில் வரும்போது அதே குரல், "எழுந்து வா" என்றது. நான் வேன் முழுக்கக் கேட்கும்படி "வரேன்" என்று சொல்லிவிட்டேன்.

பெண்கள் சிரித்தார்கள். எங்கள் தெருக்காரி ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை.

"யாருக்குடி வரேன்னு சொன்ன?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லடி, கனா."

"கனாவுல கூப்ட்டதுக்கு வாயத் தொறந்து வரேன்னா சொல்லுவாங்க? இன்னாடி இப்டிப் பண்ணிட்ட?"

நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போனில் செய்தி மாமியாருக்கு வந்து சேர்ந்துவிட்டது. அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"பொம்பளக் கொரலா?" என்று கேட்டார்.

"ஆமா அத்தே."

"ராணிதான். படையல் போடாம வுட்டோம் இல்ல, அதான் உன்னக் கூப்புடறா. நீயும் வரேன்னு வாக்குக் குடுத்துட்டு வந்து நிக்கிற!"

ராணி யார் என்று சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டின் மூத்த மருமகள். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டவர். எங்கள் பக்கம் பூவோடும் பொட்டோடும் போன மருமகளைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவோம். புதுப்புடவை, பூ, வளையல் எல்லாம் வைத்து, பம்பை மேளம் அடித்து வீட்டுக்கு அழைத்துப் படையல் போடுவோம். போன வருஷம் இவர் கால் ஒடிந்த அமர்க்களத்தில் அந்தப் படையல் நின்றுபோயிருந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் வருகிறது. எனக்கே அப்படித்தான் தோன்றியது. பூவாடைக்காரி கூப்பிட்டாள், நான் வரேன் என்று சொல்லிவிட்டேன். சாவுக்கு ஒப்புக்கொண்டு விட்டேன்.

அன்றிலிருந்து எனக்குத் தூங்கப் பயம். கண்ணை மூடினால்தானே கூப்பிடுகிறாள் என்று டீயாகக் குடித்தேன். வேனில் நின்றுகொண்டே வந்தேன். படுத்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். உடம்பு என்ன ஆகும்? குரல் அதிகமானதே தவிரக் குறையவில்லை. கம்பெனியில் ஒயரைக் கையில் பிடித்தபடி நிற்கும்போதே கண் சொருகும், உடனே மண்டபத்துக் கூச்சல் கேட்கும். சூப்பர்வைசர் தம்பி, "அக்கா, ரெண்டு நாள் லீவு போட்டுட்டுப் போங்க. பயமா கீது உங்களப் பார்த்தா" என்றது. என் பொண்ணு ஒரு நாள் என் தலையைக் கோதிக்கொண்டே, "யம்மா, உன்ன எங்கயும் அனுப்ப மாட்டாங்க இல்ல?" என்று கேட்டாள். முனியம்மா அத்தையின் கதையை அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய் அழுதேன்.

தை முதல் வெள்ளி. சாயங்காலம் பொன்னியம்மன் கோயிலுக்குப் போனேன். நம் அம்மனை உங்களுக்குத் தெரியும். பெரிய கோபுரம் இல்லை, பெரிய உண்டியல் இல்லை. ஏரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு ஊருக்குள் வருகிற தண்ணீரையும் வருகிற நோயையும் ஒரே பார்வையில் பார்த்துக்கொண்டிருப்பவள். அவள் முன்னால் உட்கார்ந்து நான் வேண்டியது இதுதான்.

"தாயே, நீ என் காதுல வந்து பேச வேணாம். ஏற்கெனவே காது நெறைஞ்சி கீது. என் புத்திய என் கையிலயே வெச்சிடு. என் பொண்ணு கிட்டேர்ந்து என்னப் பிரிச்சிடாத. உன்னால வர முடியலன்னா யாரையாவது அனுப்பு."

அப்படிச் சொல்லலாமா என்று பிறகு பயமாக இருந்தது. தெய்வத்திடம் போய் உன்னால் முடியாவிட்டால் ஆளை அனுப்பு என்று கம்பெனி மேனேஜரிடம் பேசுவது போலப் பேசிவிட்டேனே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அம்மன் சிரித்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த ஞாயிறு மாமியார் படையலுக்கு ஏற்பாடு செய்தார். மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். முட்டிவலியோடு காஞ்சிபுரம் வரை பஸ்ஸில் போய், ராணிக்குப் பிடித்த அரக்குக் கலர் புடவையைத் தேடி வாங்கி வந்தவர் அவர். மருமகள் செத்துவிடக் கூடாது என்ற பயம்தான் அவரை அப்படி ஓட வைத்தது. ஆனால் வீட்டை மெழுகியது, மாவு இடித்தது, வடை சுட்டது, கொழுக்கட்டை பிடித்தது எல்லாம் நான்தான். முந்தின நாள் முழுக்க அடுப்படியில்தான் இருந்தேன்.

மதியம் பம்பைக்காரர் வந்தார். கலசம் வைத்து, புடவை சாத்தி, என்னை எதிரே உட்கார வைத்தார்கள். இவர் கட்டிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பிராணிப் புகை கூடம் முழுக்க நிறைந்தது. பம்பை ஒரே தாளத்தில் அடித்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு நான் ஓரிடத்தில் சும்மா உட்கார்ந்தேன். புகை இதமாக இருந்தது. தலை ஆடியது. ஆடுகிறதைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்களாம். சாமி வருகிறது என்று பம்பையின் வேகம் கூடியதாம். இதெல்லாம் பிறகு என் பொண்ணு சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது இருட்டும் இதமும் மட்டும்தான்.

"யாரு தாயே வந்து கீற? இன்னா கொற உனக்கு? சொல்லு!" என்று பம்பைக்காரர் கேட்டிருக்கிறார்.

அது சாயங்காலப் பால் கறக்கிற நேரம். கொட்டகையில் கன்றுக்குட்டி கத்திக்கொண்டிருந்தது. முதலில் கன்றை அவிழ்த்து ஊட்ட விட்டால்தான் எங்கள் பசு பால் சுரக்கும். நான் தினமும் செய்கிற வேலை. என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"கன்னுக்குட்டிய அவுத்து வுடு. நேரமாச்சு."

மாமியார் நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தார். "அவுத்து வுட்டுடறோம் தாயே! கோயிலுக்கே நேந்து வுட்டுடறோம்!" என்றார். பம்பைக்காரரும் ஆமோதித்தார். கோயிலுக்குக் கன்று விடுவது பழைய வழக்கம்தானே. மாமியார் முட்டிவலியெல்லாம் மறந்து ஓடிப்போய்க் கன்றை அவிழ்த்துவிட்டார். அது நேராகத் தாய்மடிக்குப் போய்ச் சாயங்காலப் பால் மொத்தத்தையும் குடித்து முடித்தது. தடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்? பூவாடைக்காரி உத்தரவு! வயிறு நிறைந்ததும் கன்று துள்ளிக் குதித்துக்கொண்டு தெருப்பக்கம் ஓடிவிட்டது.

உள்ளே பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். "இது வூட்ல வெச்சிப் பாக்கற விசயம் இல்லம்மா. கோயில்ல கொண்டு போயி வுட்டுடுங்க. ஒரு மண்டலம் இருக்கட்டும்" என்று ஒரு குரல். "நாளைக்கே அனுப்பிடலாம்" என்று இன்னொரு குரல். வழக்கமாக வருகிற குரல்தான் இன்றைக்கு இப்படிப் பேசுகிறது என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தேன். குரல் நிற்கவில்லை. பம்பைக்காரரின் வாய் அசைந்தது. மாமியார் அழுதுகொண்டே தலையாட்டினார். இவர் கட்டிலில் உட்கார்ந்து, "வேணாம்மா, வேணாம்" என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. என் பொண்ணு என் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். எழுந்து ஓட வேண்டும் என்று நினைத்தேன். உடம்பில் பலம் இல்லை. முனியம்மா அத்தை வண்டி ஏறியதுதான் கண் முன்னால் வந்தது. "தாயே, ஆள அனுப்புன்னு கேட்டனே" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே மறுபடியும் கண் சொருகிவிட்டேன்.

அப்போது வாசலில் ஒரு சத்தம். இதுவும் பிறகு பொண்ணு சொன்னதுதான்.

"யாருய்யா கன்னுக்குட்டிய அவுத்து வுட்டது? என் கீரப் பாத்தி பூராவும் பூட்ச்சி! யாருக்குக் கண்ணு அவிஞ்சி பூட்ச்சி?"

தேவகி அக்கா. என் ஓர்ப்படி, இவருடைய நடு அண்ணன் பெண்டாட்டி. பாகம் பிரித்த பிறகு எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு சுவர்தான். போக்குவரத்து உண்டு, ஒட்டுதல் கிடையாது. அக்காவுக்கு நாக்கு அரிவாள்மணை. படையலுக்குக் கூப்பிட்டதற்கு, "எனக்கு வேல கீது" என்று சொல்லிவிட்டவர். இப்போது புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, ஒரு கையில் கன்றின் கயிறும் இன்னொரு கையில் மிதிபட்ட கீரையுமாகக் கூடத்தில் வந்து நின்றார்.

"சத்தம் போடாத தேவகி, சாமி வந்து கீது" என்றார் மாமியார்.

அக்கா என்னைப் பார்த்தார். கிட்டே வந்து குனிந்தார். கீரையைக் கீழே போட்டார்.

"அத்தே, சாமி வந்தவ கொறட்ட வுடுவாளா?"

கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. என் குறட்டையைத் தவிர. பொண்ணு சத்தியம் பண்ணிச் சொன்னாள், மாவு மில்லு ஓடுவது போல விட்டேனாம்.

"தூங்கிக்கினு கீறா இவ! எத்தினி நாளா தூங்கலயோ! கண்ணுக்குக் கீழ பாருங்க, மை பூசினாப்புல கீது. இவளப் போயி உக்கார வெச்சி மோளம் அடிச்சிக்கினு கீறீங்களா?"

"கோயில்ல வுட்டா தெளிஞ்சிடும்னு..." என்று மாமியார் இழுத்தார்.

"என் வூட்ல வுடுங்க. எங்கயும் போவ வேணாம்." அக்கா அவ்வளவுதான் சொன்னார். கன்றுக் கயிற்றை என் பொண்ணு கையில் கொடுத்துவிட்டு, என்னைத் தோளில் சாய்த்து நடத்திக்கொண்டு போனார். எட்டடிதான் தூரம். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படித் தாங்கிக்கொண்டு நடந்ததில்லை.

அன்று சாயங்காலம் படுத்தவள் மறுநாள் வெயில் ஏறித்தான் கண்ணைத் திறந்தேன். அக்கா கதவருகில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்க வந்தவர்களை எல்லாம் துரத்தியடித்தாராம். மாமியார் திருநீறு கொண்டுவந்தபோது, "வெச்சிட்டுப் போங்க அத்தே, எழுந்து பூசிக்குவா" என்று சொல்லி அவரையும் அனுப்பிவிட்டாராம். எங்கள் மாடுகளையும் அவரே கறந்துவிட்டார். அந்தப் பசு வேற்றுக் கை பட்டால் உதைக்கும். அக்காவையும் உதைத்திருக்கிறது. முழங்காலில் வீக்கம். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கஞ்சி கொடுத்துவிட்டுக் கேட்டார். "கொரலு எப்பக் கேக்குது?"

"கண்ணு சொருவும்போது அக்கா."

"பால் கறக்கும்போது? சமைக்கும்போது?"

"இல்ல."

"கொரலு எப்டி இருந்துச்சி?"

"மெல்லிசா. காதுல ரகசியம் பேசறாப்புல."

தேவகி அக்கா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "ராணிக்கா கட்டக் கொரலுடி! களத்துல நின்னு கூப்ட்டா ஆத்துக்கு அந்தாண்ட கீறவன் திரும்பிப் பாப்பான். அவங்க யாரயும் பேரு சொல்லிக் கூப்ட்டதே கெடயாது. பெரியவங்க சின்னவங்க எல்லாரும் அவங்களுக்கு யம்மாடிதான். ஒன்னக் கொல்லணும்னு வர்றவங்க இல்ல அவங்க. இருந்திருந்தா உன் வேலயில பாதிய வாங்கிச் செஞ்சிருப்பாங்க."

எனக்கு அழுகை பொங்கிவிட்டது. குரல் எப்படி இருந்தது என்று இத்தனை நாளில் என்னை ஒருவரும் கேட்கவில்லை. யாருடைய குரல் என்று முடிவு கட்டுவதற்கு மட்டும் எல்லாருக்கும் அவசரம், எனக்கும் சேர்த்துத்தான். ராணி அக்காவோடு ஒரே அடுப்பில் சமைத்த தேவகி அக்கா மட்டும்தான் கேட்டார்.

அதோடு விடவில்லை. அன்றைக்கே உத்திரமேரூர் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். என் பொண்ணை விடக் கொஞ்சம்தான் பெரியவளாகத் தெரிந்த ஒரு டாக்டர் அம்மா. வெளியே அவ்வளவு கூட்டம் நின்றும், நான் சொன்னதைக் கடைசி வரைக்கும் காது கொடுத்துக் கேட்டார். அந்தப் பொறுமையை எங்கே படித்தாரோ, அவரைப் பெற்றவர்கள் நன்றாக இருக்க வேண்டும். ரத்தம் எடுத்துப் பார்த்து, ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்.

"தூக்கம் பிடிக்கும்போது மூளையில பாதி முழிச்சிருக்கும், பாதி கனவு காண ஆரம்பிச்சிடும். ரொம்ப சோர்வா இருந்தா அந்தக் கனவு சத்தமா காதுல கேக்கும். நிறைய பேருக்கு வரும்மா. நைட் டூட்டி முடிச்சிட்டுப் படுத்தா எனக்கே போன் அடிக்கிற மாதிரி கேட்டிருக்கு" என்றார்.

"அப்போ இது சாமி குத்தம் இல்லீங்களா?"

"சாமியக் கும்பிடுங்க. கும்பிட்டுட்டுத் தூங்குங்க. நல்லா முழிச்சிருக்கும்போது குரல் கேட்டா மட்டும் தள்ளிப்போடாம வாங்க. அதுக்கும் மருந்து இருக்கு. யாரையும் எங்கேயும் கொண்டுபோய் விட வேண்டியதில்லை."

கடைசியில் சொன்னதைக் கேட்டதும் எனக்கு முனியம்மா அத்தை ஞாபகம் வந்துவிட்டது. டாக்டர் அம்மா எதிரிலேயே அழுதேன். அவர் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் தேவகி அக்கா போட்ட சட்டம் கம்பெனி சட்டத்தை விடக் கடுமை. விடியற்காலைப் பால் அவர் பொறுப்பு. சொசைட்டிக்கு ஊற்றுவது அவர் வீட்டுக்காரர். மடை பார்ப்பதும் அவர்தான். இவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே காய்கறி நறுக்க வேண்டும், தீவனம் கலக்க வேண்டும். "காலுதான ஒடஞ்சி கீது, கை நல்லாத்தான கீது?" என்று இவரிடம் அக்கா கேட்டே விட்டார். இவரும் மறுபேச்சுப் பேசாமல் வெங்காயம் உரித்தார். பாவம், எப்படியாவது உதவ வேண்டும் என்று அவரும் தவித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார், கேட்கத்தான் ஆள் இல்லை. என் வேலை, ஒழுங்காகத் தூங்குவது. இவர் எழுந்து நடக்கிற வரைக்கும் இப்படியே ஓடியது. ஒரு நாள் நான் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லப் போனேன். "அதெல்லாம் இருக்கட்டும், என் கீரப் பாத்திக்கு மொதல்ல பதில் சொல்லு" என்றார். என் தேவகி அக்காவை இதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மாசியில் மறுபடியும் படையல் போட்டோம். பயத்தில் இல்லை, பிரியத்தில். வேலையைப் பங்கு போட்டுக்கொண்டு செய்தோம். தேவகி அக்கா ராணி அக்காவின் கதைகளைச் சொல்லிச் சொல்லி எங்களைச் சிரிக்க வைத்தார். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அரக்குப் புடவையைப் பிரசாதமாக எனக்கே கட்டிவிட்டார்.

இதில் அம்மன் எங்கே வந்தாள் என்று நீங்கள் கேட்கலாம். பொண்ணும் கேட்டாள். "டாக்டர் சொன்னது சரின்னா, கன்னுக்குட்டிய அவுத்து வுடுன்னு சொன்னது உன் தூக்கக் கலக்கம்தானம்மா?" என்றாள்.

ஆமாம், தூக்கக் கலக்கம்தான். டாக்டர் அம்மா சொன்னதை நான் முழுசாக நம்புகிறேன். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கோயிலில் உட்கார்ந்து, ஆளை அனுப்பு என்று கேட்டேன். என் வாய் உளறாமல் இருந்தால் மாமியார் கன்றை அவிழ்த்திருக்க மாட்டார். கன்று அவிழாவிட்டால் கீரைப் பாத்தி தப்பித்திருக்கும். பாத்தி தப்பித்திருந்தால், கூப்பிட்டும் வராத தேவகி அக்கா அந்த நேரத்துக்கு எங்கள் கூடத்துக்குள் கால் வைத்திருக்க மாட்டார். மறுநாள் காலையில் நான் வண்டி ஏறியிருப்பேன். என் பொண்ணு கையில் நானும் ஒரு முறுக்கைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன். உளறியது நான். அந்த உளறலைக் கூட வீணாக்காமல் வேலை வாங்கியவள் பொன்னியம்மன். அவள் காதில் வந்து பேசுகிறவள் இல்லை, ஆளை அனுப்புகிறவள். இதை நான் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அக்கா தங்கச்சிகளே, உங்களில் யாருக்காவது இப்படிக் குரல் கேட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். அம்மனிடம் சொல்லுங்கள், வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லுங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். கேட்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், அவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். யாருடைய வேண்டுதலுக்கு நீங்கள் அனுப்பப்பட்ட ஆளோ, யார் கண்டது? அம்மனை நம்புங்கள். அவள் அனுப்புகிற ஆள் மாலையும் கழுத்துமாகத்தான் வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். கீரையும் கையுமாகத் திட்டிக்கொண்டும் வரலாம்.

இப்போதும் எப்போதாவது கேட்கும். பயம் இல்லை. வேலையை வைத்துவிட்டுப் போய்ப் படு என்று உடம்பு சொல்கிறது, அவ்வளவுதான்.

போன வாரம் திருவிழாக் கூழுக்குக் கேழ்வரகு புடைத்து முடித்துவிட்டு, நடுச்சுவரில் சாய்ந்தேன். சாயங்கால வெயில். கண் சொருகியது. காதில் "கோமதி" என்று ஒரு குரல். ஒரு தடவைதானே, நான் அசையவில்லை. சிரித்துக்கொண்டே கண்ணை மூடியிருந்தேன். "கோமதி" என்று மறுபடியும் கேட்டது. அட, இரண்டாவது தடவை என்று நினைத்தேன்.

"ஏய் கோமதி! உன் கன்னுக்குட்டி மறுபடியும் என் பாத்தியில நிக்குதுடி!"

மூன்றாவது தடவை. மனுஷக் குரல், அதுவும் சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல்.

"வரேன்க்கா" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு எழுந்தேன்.